வாட்ச் கட்டிய கைப் பக்கம்

பல்செட்டுக்காரருக்கு வாய்க்குள் எந்தச் சந்து எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். வீட்டு வாசலைத் தாண்டினால் எதுவும் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபத்திரண்டு வருடமாக பிளாஸ்டர் அச்சுகளை எதிரே வைத்துக்கொண்டு பல் வரிசை கட்டுகிறவர். அச்சு அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். ஆகவே அவருக்கு இடப்பக்கம் தெரிகிற கடைவாய்ப்பல், அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவருக்கு வலப்பக்கக் கடைவாய்ப்பல். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை இடத்தை வலம் என்றும் வலத்தை இடம் என்றும் நினைத்துப் பழகிய மூளை, ஆறு மணிக்குக் காரில் ஏறியதும் சமர்த்தாகத் திரும்பிக்கொள்ளுமா?

கொள்ளவில்லை. அதற்குச் சாட்சி அவருடைய மூத்த மகள். மனைவிக்கு முதல் வலி வந்தபோது, இருபது நிமிட தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியை அவர் ஒன்றரை மணி நேரம் தேடினார். பின் சீட்டிலிருந்து மனைவி வழியும் சொன்னாள், வசையும் சொன்னாள். எது வழி, எது வசை என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கடைசியில் ஆம்புலன்சுக்கு போன் செய்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு டயர் கடை முன்னாடி" என்றார். அந்த நகரத்தில் நாற்பத்தொரு டயர் கடைகள் இருந்தன. குழந்தை ஆம்புலன்சுக்காகக் காத்திருக்கவில்லை. பெண்ணுக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. உறவுக்கூட்டம் முழுவதும் அவளை டயர் என்றே கூப்பிட்டது.

அதன் பிறகுதான் ஒரு புதுக் காரை வாங்கினார்கள். கைப்பேசி என்றால் பேசுவதற்கு மட்டும் என்றிருந்த காலம் அது. காரின் முன்பலகையிலேயே பதித்து ஒரு திரை வந்தது. ஊர் வரைபடம் முழுக்க அதற்குள் இருந்தது. எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒரு பெண் குரல் வழி சொல்லும். முதல் நாளே அந்தக் குரல் "இடப்புறம் திரும்பவும்" என்றது. பல்செட்டுக்காரர் பணிவோடு வலப்புறம் திரும்பினார்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும், எவ்வளவு தாமதமாகப் போகும் என்று தினமும் எட்டு மணி நேரம் ஒலிபெருக்கியில் சொல்கிறவள். கருவியில் குரலை மாற்றிப் பதிவுசெய்ய வசதி இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்து, தன் சொந்தக் குரலில் எல்லாவற்றையும் பதிந்தாள். இடப்புறம் திரும்ப: "வாட்ச் கட்டின கைப் பக்கம் திரும்புங்க." வலப்புறத்துக்கு: "வாட்ச் இல்லாத கைப் பக்கம் திரும்புங்க." நேரே போக: "நேரா போங்க. யோசிக்காதீங்க." வழி தவறினால்: "விட்டுட்டீங்க. பரவாயில்ல, திரும்பி வாங்க." போய்ச் சேர்ந்ததும் சொல்ல ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. சற்று யோசித்துவிட்டு இப்படிப் பதிந்தாள்: "வந்துட்டோம். பாத்தீங்களா, உங்களால முடியும்."

அன்றிலிருந்து பல்செட்டுக்காரர் மனிதரானார். தனியாகவே போய் வந்தார். திருமணங்களுக்குச் சரியான மண்டபத்தில் இறங்கினார். மனைவி இரண்டாவது முறை உண்டானபோது, கருவியின் நினைவில் அவளே மூன்று இடங்களைப் பதிந்து வைத்தாள்: வீடு, பட்டறை, ஆஸ்பத்திரி. "இந்தக் குழந்தையாவது கூரைக்குக் கீழ பொறக்கணும்" என்றாள். அதுதான் அந்த வீட்டின் ஒரே லட்சியமாக இருந்தது.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, காரின் முன்பலகையில் கருவி இருந்த இடத்தில் செவ்வகமாக ஓர் ஓட்டை இருந்தது. கை தேர்ந்த வேலை. ஒரு கீறல் இல்லை, ஒரு கம்பி அறுபடவில்லை. கழற்றிய நான்கு திருகாணிகளையும் திருடன் டம்ளர் வைக்கிற குழியில் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போயிருந்தான். நுணுக்க வேலை தெரிந்தவர் என்பதால் பல்செட்டுக்காரருக்கு ஒரு கணம் மரியாதைகூட வந்தது. அடுத்த கணம் மனைவிக்கு எட்டாம் மாதம் என்பது நினைவுக்கு வந்தது.

"டாக்சி வெச்சுக்கலாம்" என்றார் மனைவியிடம்.

"இந்தப் புதுக் குடியிருப்புக்கு எந்த டாக்சி வருது? வந்த ஒருத்தரும் வெளிய போக வழி கேட்டு நம்ம வீட்டுக் கதவைத்தான் தட்டினாரு."

"நீ பின்னாடி உக்காந்து வழி சொல்லேன்."

"வலி வந்தா நான் கத்துவேனா, வழி சொல்லுவேனா? போன தடவை ரெண்டும் செஞ்சேன். டயர் பொறந்தா."

கார் கம்பெனியில் புதுக் கருவி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் மெக்கானிக் கையை விரித்தார். "புது ரூல் சார். தடுப்புப் பிரிவுலேர்ந்து சான்று வேணும். பழசு திருடு போச்சுன்னு அவங்க எழுதித் தரணும். அது இல்லாம மாட்டினா எங்க உரிமம் போயிடும்."

தடுப்புப் பிரிவின் முழுப்பெயர் 'வாகன வழிகாட்டிக் கருவித் திருட்டுத் தடுப்புச் சிறப்புப் பிரிவு'. பெயரை எழுத இடம் போதாமல் பலகையை மூலையில் மடக்கிப் பக்கத்துச் சுவரிலும் நீட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே இன்னொரு பலகை. 'இப்பிரிவு தொடங்கிய நாள் முதல் இன்று வரை நடந்த திருட்டுகள்' என்று எழுதி, அதன் கீழே ஆணியில் ஒரு தகரப் பூஜ்யம் தொங்கியது. பூஜ்யத்துக்கு நேற்றுத்தான் வண்ணம் பூசியிருந்தார்கள்.

முகப்பில் எழுத்தர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருடைய மேல்வரிசைப் பற்கள் சொந்தமானவை அல்ல என்பதைப் பல்செட்டுக்காரர் பார்த்தவுடன் கண்டுகொண்டார்.

"என் கார்ல நேவிகேஷன் திருடு போயிடுச்சும்மா."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க."

"எந்த வார்த்தை?"

"பலகையைப் பாத்தீங்கல்ல? பூஜ்யம் இருக்கு. மத்த எண் எதுவும் நாங்க செய்யவே குடுக்கல. நீங்க ஒண்ணுன்னு சொன்னா நான் ஒண்ணுக்கு எங்க போவேன்?"

"அப்ப என்னன்னு எழுதறது?"

"இடப்பெயர்ச்சின்னு எழுதுங்க. கருவி உங்க கார்லேர்ந்து இடம்பெயர்ந்திருக்கு. எங்கயோ நல்லபடியாத்தான் இருக்கும்."

பிறகு முப்பத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தை எடுத்தார். "வண்டியை வெளிச்சத்துல நிறுத்தினீங்களா, இருட்டுலயா?"

"தெருவிளக்குக்குக் கீழதான்."

"திருகாணி கழட்ட வெளிச்சம் குடுத்திருக்கீங்க." குறித்துக்கொண்டார்.

"இருட்டுல நிறுத்தியிருந்தா?"

"மறைவு குடுத்திருப்பீங்க. பூட்டினீங்களா?"

"பூட்டினேன்."

"உள்ள ஏதோ இருக்குன்னு ஊருக்கே சொல்லியிருக்கீங்க."

முப்பத்து நான்காவது கேள்வி முடிந்ததும் எழுத்தர் கூட்டிப் பார்த்தார். நடந்ததற்கு உரிமையாளரின் பொறுப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று வந்தது. "மிச்சம் எட்டு?" என்று பல்செட்டுக்காரர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"அது எதிர்த்தரப்போடது. அவரு வந்து படிவம் குடுத்தா அதையும் சரிபார்ப்போம்."

சான்று வேண்டுமென்றால் முதலில் விழிப்புணர்வு வகுப்பு, பிறகு வாகனப் பரிசோதனை, அதன் பிறகு இயக்குநர் கையெழுத்து. பிரசவத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது என்றார் பல்செட்டுக்காரர். "தாராளமா இருக்கு, அதுக்குள்ள ரெண்டு வகுப்பே முடிக்கலாம்" என்று எழுத்தர் ஆறுதல் சொன்னார்.

வகுப்பு காலை பத்து மணிக்கு. இயக்குநர் வந்தபோது மணி பன்னிரண்டே கால். நல்ல உயரம், இரும்பு மாதிரி விறைக்கக் கஞ்சி போட்ட சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை, ஊரைச் சுற்றி வந்தவர் மாதிரி ஒரு களைப்பு. வலது மணிக்கட்டில் பெரிய வாட்ச். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை; "களப்பணி" என்று மட்டும் சொல்லி மைக்கைப் பிடித்தார்.

"திருட்டு ஏன் நடக்குது? பொருள் இருக்கிறதால நடக்குது. பொருள் இல்லாத எடத்துல திருட்டு நடந்ததா உலகத்துல ஒரு உதாரணம் காட்டுங்க பாக்கலாம். அதனால என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. வண்டியை நிறுத்தினதும் கருவியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போங்க."

பல்செட்டுக்காரர் கையைத் தூக்கினார். "சார், அது வண்டியோட சேத்துப் பதிச்சது. கழட்ட முடியாதுன்னு கம்பெனியிலயே சொல்றாங்க."

இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கழட்ட முடியாதுன்னு நீங்க சொல்றீங்க. உங்க வண்டியில ஒருத்தன் கழட்டியிருக்கானே? முடியும்னு நம்பினான், கழட்டினான். உங்க பொருள் மேல அவனுக்கு இருந்த அக்கறை உங்களுக்கு இல்லையே, அதைச் சொல்லுங்க."

கூட்டம் கைதட்டியது. பல்செட்டுக்காரரும் தட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று விழித்தார்.

அடுத்து செய்முறை விளக்கம். ஒரு முன்பலகையை மேசைமேல் நிறுத்தி, கருவியை நான்கே நிமிடத்தில் கீறலில்லாமல் கழற்றுவது எப்படி என்று காட்டினார்கள். எந்தக் காருக்கு எந்தத் திருகாணி, எந்தக் கம்பியை முதலில் தொட வேண்டும், எதைத் தொட்டால் அலாரம் கத்தும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கினார்கள். முன்வரிசையில் மெலிந்த விரல்களோடு ஒருவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். விலை உயர்ந்த கார்களைப் பற்றி நல்ல நல்ல கேள்விகளாகக் கேட்டார். "இப்படி ஒரு ஆர்வத்தை நான் பாத்ததில்ல" என்று இயக்குநர் நெகிழ்ந்து போனார். முடிவில் எல்லோருக்கும் கழற்றும் கருவிப்பை ஒன்று இலவசமாகத் தந்தார்கள். மெலிந்த விரல்காரர் தம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் பல்செட்டுக்காரர் சொந்த முயற்சியில் இறங்கினார். மனைவி ஒரு தாளில் வழியை எழுதித் தந்தாள். டயரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை போனார். மூன்று நாள் போனார். மூன்று நாளும் ஒரே இடத்தில்தான் போய் நின்றார்.

"அப்பா, இது நான் பொறந்த கடை" என்றாள் டயர். கடைக்காரர் அவளுக்கு மிட்டாய் கொடுத்தார். "அடுத்தது எப்ப?" என்று அக்கறையாக விசாரித்தார்.

பிரசவத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் பரிசோதனைக் குழு வந்தது. நான்கு பேர் காரைச் சுற்றி வந்து அளந்தார்கள். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஒருவர் கையை விட்டுத் துழாவினார். பிறகு தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு, பல்செட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நூற்றுக்கு நூறு. பிரிவின் வரலாற்றிலேயே முதல் முறை. இந்தக் காரிலிருந்து வழிகாட்டிக் கருவியைத் திருட எப்பேர்ப்பட்டவனாலும் முடியாது.

"அதுல கருவியே இல்லையே!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் குழுத் தலைவர். "எவ்வளவு பேர்கிட்ட சொல்லிப் பாத்துட்டோம். நீங்க ஒருத்தர்தான் செஞ்சு காட்டியிருக்கீங்க."

ஓட்டையின்மேல் எஃகுத் தகடு ஒன்றை வைத்து முடுக்கினார்கள். பின் கண்ணாடியில் 'இந்த வண்டியில் திருட ஒன்றுமில்லை' என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கையில் இன்னும் ஒரு கட்டு ஸ்டிக்கரும் கொடுத்தார்கள், தெரிந்தவர்களுக்குத் தரச் சொல்லி. மறுநாள் காலை பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்திருந்தது. எதுவும் போகவில்லை. இருக்கையின்மேல் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது: 'பார்த்தோம். உண்மைதான்.'

சான்று எப்போது கிடைக்கும் என்று எழுத்தரிடம் கேட்டார். "சும்மா குடுத்துடுவாங்களா? நீங்கதான் இந்த வருஷத்து முன்மாதிரி வாகன உரிமையாளர். விழா மேடையில வெச்சு இயக்குநர் கையால குடுப்பாங்க. குடும்பத்தோட வரணும்."

"என் வீட்டுக்காரிக்கு மாசம் ஆயிடுச்சும்மா. இன்னும் நாலே நாள்."

"விழா மூணாம் நாள்தான். பாருங்க, ஒரு நாள் மிச்சம் கூட இருக்கு."

விழா ஒரு மைதானத்தில். பல்செட்டுக்காரரின் கார் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பீடத்தின்மேல் ஏற்றப்பட்டு, நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல், ரிப்பன் சுற்றப்பட்டு நின்றது. மனைவி முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். டயர் கையில் ஸ்டிக்கர் கட்டு.

ஆச்சரியம், இயக்குநர் அன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டார். தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மேடையில் கைகுலுக்கும்போது பல்செட்டுக்காரர் கவனித்தார்: வாட்ச் இடது கைக்கு மாறியிருந்தது. வலது மணிக்கட்டில் வெயில் படாத தோல் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை. இயக்குநரின் இடது கையில் இருந்த காகிதம்தான் அவர் கண்ணில் நின்றது.

"முதலில் சிறந்த மாணவர் பரிசு" என்று அறிவித்தார்கள். மெலிந்த விரல்காரரை மூன்று முறை கூப்பிட்டார்கள். வரவில்லை. வாகன நிறுத்தத்தில் அவரைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள்.

இயக்குநர் உரையாற்றினார். "நம்ம பிரிவுக்கு ஒரு விமர்சனம் உண்டு. ஒரு கருவியைக்கூட மீட்கலையே என்கிறார்கள். ஐயா, மீட்பது என்றால் என்ன? காணாமல் போனதை ஒப்புக்கொள்வது. நாங்கள் அந்த அளவுக்குத் தரம் தாழ மாட்டோம். கூரை ஒழுகுகிறதென்று பாத்திரம் வைப்பவன் சாதாரண மனிதன். மழையே பெய்யவில்லை என்று உறுதியாக நிற்பவன்தான் நிர்வாகி. நான் நிற்கிறேன்."

கைதட்டல் ஓயும் முன்பே முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பேருந்து நிலையத்தில் எட்டு மேடைகளுக்கும் கேட்கிற குரல், மைக் தேவைப்படவில்லை.

"ஏங்க. வந்துடுச்சு."

பல்செட்டுக்காரர் மேடையிலிருந்து குதித்தார். காரைப் பார்த்தார். அது நான்கு சக்கரமும் ஆகாயத்தில் இருக்க, ரிப்பன் கட்டிக்கொண்டு மினுங்கியது. பீடத்திலிருந்து இறக்கும் இயந்திரம் மறுநாள்தான் வரும் என்றார்கள். டயர் கடை அவர் கண்முன் வந்து நின்றது. "யாராவது வண்டி குடுங்க" என்று கும்பிட்டார், சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநருக்கு வேறு வழியில்லை. "என் வண்டியில வாங்க" என்றார்.

பின் சீட்டில் மனைவியும் டயரும். முன் சீட்டில் பல்செட்டுக்காரர். இயக்குநர் சாவியைத் திருகினார். முன்பலகையில் திரை ஒளிர்ந்தது. "ஆஸ்பத்திரி" என்று பல்செட்டுக்காரர் முனகினார். இயக்குநர் பட்டியலைத் திறந்தார். அதில் ஏற்கெனவே ஆஸ்பத்திரி என்று ஓர் இடம் இருந்தது. யார் வீட்டு ஆஸ்பத்திரி என்று யோசிக்காமல் அழுத்தினார்.

"வாட்ச் கட்டின கைப் பக்கம் திரும்புங்க" என்றது கார்.

இயக்குநர் இடது கையைப் பார்த்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினார்.

"அம்மா" என்றாள் டயர், திரையைக் காட்டி. பிறகு பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"நேரா போங்க. யோசிக்காதீங்க" என்றது திரை.

"அது என்னோட குரல்" என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு. "சார், இது எங்களோடது."

இயக்குநரின் காது நுனி சிவந்தது. "ஆய்வுக்காக வாங்கினதும்மா. சந்தையில. இந்த மாதிரிப் பொருள் எப்படிப் புழங்குதுன்னு தெரிஞ்சுக்க."

"எத்தனை நாளா சார் ஆய்வு?" என்றார் பல்செட்டுக்காரர்.

"என்னோடது போன மாசம் இடம்பெயர்ந்துடுச்சு" என்றார் இயக்குநர் கடைசியில். "என் ஆபீஸ் வாசல்லயே. நான் எங்க போய்ப் படிவம் குடுக்கறது? பலகையில நானே ஒண்ணு மாட்டவா? ஏதோ ஒண்ணு வாங்கி மாட்டினேன். முதல் ரெண்டு வாரம் பாடாப் படுத்திடுச்சு. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வாட்ச் வலது கை."

"விட்டுட்டீங்க. பரவாயில்ல, திரும்பி வாங்க" என்றது திரை. பேச்சில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருந்தார். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் "சரி" என்றார்கள்.

மனைவிக்கு அடுத்த வலி எடுத்தது. அவள் கத்தினாள். திரை பதறாமல் வழி சொன்னது. இந்த முறை வசை பின் சீட்டிலிருந்தும் வழி முன்பலகையிலிருந்தும் தனித்தனியாக வந்ததால் ஒரு குழப்பமும் நேரவில்லை. பத்தொன்பதாவது நிமிடம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது.

"வந்துட்டோம். பாத்தீங்களா, உங்களால முடியும்."

பல்செட்டுக்காரர் ஒரு மாதமாகக் கேட்காத வாக்கியம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பார்த்தால் இயக்குநரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல என்னைப் பாத்து யாரும் இப்படிச் சொன்னதில்ல சார்" என்றார். "அதுக்காகவே சில நாள் சும்மா எங்கயாவது போயிட்டு வருவேன்."

"அப்புறம் அழலாம், முதல்ல கதவைத் தொறங்க" என்றாள் மனைவி. இயக்குநர் ஓடி வந்து கதவைத் திறந்தார்.

குழந்தை ஆஸ்பத்திரியில், கூரைக்குக் கீழே, கட்டிலின்மேல், மருத்துவர் முன்னிலையில் பிறந்தது. பையன். பல்செட்டுக்காரர் அவன் ஈறுகளைப் பார்த்து நன்றாக அமைந்திருக்கின்றன என்றார்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கீழே வாகன நிறுத்தத்தில் அவருடைய கார் நின்றது. யாரோ பீடத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எஃகுத் தகடு இல்லை. ஓட்டை இருந்த இடத்தில் கருவி உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. வகுப்பில் கற்றுக் கொடுத்ததை யாரோ அப்படியே தலைகீழாகச் செய்திருந்தார்கள். இருக்கையில் ஓர் உறை. உள்ளே எழுத்தரின் கையெழுத்தில் ஒரு கடிதம்: 'தங்கள் கருவி தங்கள் வாகனத்திலேயே உள்ளதாகத் தெரியவருவதால், தாங்கள் கோரிய சான்று மறுக்கப்படுகிறது. வருங்காலத்தில் அலுவலகத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம். பி.கு.: மேல்வரிசை கொஞ்சம் ஆடுகிறது, ஒரு நாள் வரலாமா?' விழா நாளன்று மைதானத்தில் பதினோரு கருவிகள் இடம்பெயர்ந்ததாக ஊரில் பேச்சு. பலகையில் பூஜ்யம் அப்படியேதான் தொங்கியது.

மனைவி பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள், பக்கத்தில் டயர், இன்னும் அந்த ஸ்டிக்கர் கட்டோடு. இரண்டு நாள் தூக்கம் கண்ணில் இருந்தது. "எழுப்பாதீங்க, வீடு வந்ததும் சொல்லுங்க" என்று கண்ணை மூடினாள். பல்செட்டுக்காரர் வாட்சைச் சரிபார்த்துக்கொண்டு, பட்டியலில் 'வீடு' என்பதை அழுத்தினார்.

அன்று அவர் ஓட்டியது மாதிரி வாழ்நாளில் ஓட்டியதில்லை. ஒரு திருப்பம் தவறவில்லை. ஒரு முறைகூட 'விட்டுட்டீங்க' வரவில்லை. தெருக்கள் கொஞ்சம் அகலமாக, மரங்கள் கொஞ்சம் அதிகமாக இருந்தன. யோசிக்காதீங்க என்று சொல்லியிருப்பதால் யோசிக்கவில்லை. கடைசித் திருப்பம் திரும்பி, ஒரு பெரிய இரும்புக் கதவின் முன்னால் நின்றார்.

"வந்துட்டோம். பாத்தீங்களா, உங்களால முடியும்."

மனைவி கண்ணைத் திறந்தாள். "ஏங்க, இது யாரு வீடு?"

கதவைத் திறந்துகொண்டு, பனியனும் அரைக்கால் சட்டையுமாக, கையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயோடு ஒருவர் ஓடி வந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் வந்துவிட்டார். காருக்குள் இருந்தவர்களைப் பார்த்ததும் நின்றார். இயக்குநர்தான். வாட்ச் இன்னும் இடது கையில்தான் இருந்தது. அவருக்குப் பின்னால், வெயிலில், அவருடைய கார் நின்றது. அதன் முன்பலகையில் செவ்வகமாக ஓர் ஓட்டை.

"பழைய வீட்டை அழிச்சுட்டுத்தான் என் வீட்டைப் பதிஞ்சேன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "திருப்பி மாத்த மறந்துட்டேன்."

"எங்க வீட்டையே எடுத்துட்டீங்களே சார்" என்றார் பல்செட்டுக்காரர். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார். நேற்றுப் பிறந்தவனைப் போல் அந்த மனிதர் நிற்பதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "இப்ப நாங்க எப்படிப் போறது? உங்களுக்கு வழி தெரியுமா?"

"கருவி இல்லாம எனக்கு எங்கயும் வழி தெரியாது. மூணு நாளா ஆபீசுக்கே போகல. களப்பணின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இரண்டு பேரும் தெருவின் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள், கண்ணாடியை இறக்கி, ஒலிபெருக்கியில் சொல்வது போலவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "வலி எல்லாம் முடிஞ்சுது. நானே சொல்றேன். ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க."

அதற்குள் டயர் காரிலிருந்து இறங்கிப் போயிருந்தாள். கையில் இருந்த ஸ்டிக்கர் கட்டிலிருந்து ஒன்றை உரித்து, இயக்குநரின் கார்க் கண்ணாடியில் கோணாமல் ஒட்டி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் வந்து நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இந்த வண்டியில் திருட ஒன்றுமில்லை. அங்கிள், உங்களுக்கும் நூத்துக்கு நூறு."